கைதட்டிவிட்டு வந்தவர்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு நாற்பத்தைந்து. இதில் அவர்கள் இருவருக்கும் கூச்சம் ஒன்றும் இல்லை. கேள்விப்பட்டவர்கள்தான் சிரித்தார்கள்.

குருவின் பெயர் கனகவல்லி. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, பெரம்பூரில் தன் வீட்டு மாடியில், வயதான பிறகு கணக்கின் மேல் ஆசை வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சீடர் லிங்கதுரை, கிண்டியில் ஒரு கம்பெனிக்காகப் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்கும் டிரேடர். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிகழ்தகவு படிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை மும்முரமாக நடக்கிற நேரத்தில், அவர் மாடி ஏறி வந்தார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கனகவல்லி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், லீவா?"

"ஒரே ஒரு கேள்வி டீச்சர். சேரட்டுமா, வேண்டாமா?"

சிங்கப்பூரில் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் முதுகலை. இரண்டு வருஷப் படிப்பு. விண்ணப்பித்து, இடமும் கிடைத்துவிட்டது. சேருவதாக இருந்தால் இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். சொன்னால் வேலையை விட வேண்டும். ராஜினாமாவை ஃபோனில் டைப் செய்தே வைத்திருந்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"போன ஞாயித்துக்கிழமை சேரலைன்னு சொன்னீங்களே. பாடத்துல பாதி எனக்குக் கைப்பழக்கமாவே தெரியும், மீதிக்கு இங்க வந்தாலே போதும்னு."

"அது ஞாயித்துக்கிழமை."

"நாப்பத்தேழு வயசுல கோட்டு மாட்டிக்கிட்டு, சின்னப் பசங்களோட கேம்பஸ் இன்டர்வியூ வரிசையில நிக்க முடியாதுன்னு சொன்னீங்க."

"நிப்பேன் டீச்சர். இப்ப நிப்பேன்!"

கோபம் வந்தால் லிங்கதுரைக்குத் தூத்துக்குடித் தமிழ் வந்துவிடும். அத்தனை வருஷச் சென்னை அப்போது எங்கே போய் ஒளியுமோ தெரியாது.

"எங்க டீமுக்கு டெஸ்க் ஹெட் போஸ்ட்டு எனக்குன்னுதான் எல்லாரும் சொன்னாவ. இன்னைக்குக் காலைல அத வர்ஷித் பயலுக்குக் குடுத்துட்டாவ. இருபத்தெட்டு வயசு. இதே படிப்பு படிச்சிட்டு வந்தவன். ஆர்டர் போடுதது எப்படின்னு அவனுக்கு நான்லா சொல்லிக் குடுத்தேன்! என்னக் கூப்பிட்டு, 'உங்ககிட்ட அனுபவம் இருக்கு துரை, தியரி இல்ல'ன்னு சொல்லுதாவ. பதினெட்டு வருஷம் நான் சம்பாதிச்சுக் குடுத்தத வாங்கும்போது தியரி எங்கன்னு கேட்டாவளா?"

ஒருவரை அனுபவசாலி என்று முதலாளிகள் எப்போது புகழ்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பதவியை இன்னொருவருக்குக் கொடுத்த அன்றுதான் புகழ்வார்கள்.

"அதுகூடப் பரவால்ல டீச்சர்."

"பின்ன?"

"நான் கண்டுபிடிச்சத அவன் எடுத்துக்கிட்டான்."

ஆப்ஷன் ஒப்பந்தம் முடிகிற நாளில், மத்தியானத்துக்கு மேல் விலை அசையாமல் நின்றால் அந்த அமைதியை நம்பக் கூடாது. விற்றவர்கள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எந்த இடத்தில் விலகிவிட வேண்டும் என்பதற்கெல்லாம் லிங்கதுரையிடம் ஒரு கணக்கு உண்டு. அடிபட்டு அடிபட்டு அவர் கண்டுபிடித்தது. கேன்டீனில் லெமன் டீ குடித்தபடி ஒருநாள் வர்ஷித்துக்கு அதை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். இன்று காலை மீட்டிங்கில் வர்ஷித் அதைத் திரையில் போட்டான். பக்கத்தில் நாலைந்து கிரேக்க எழுத்து. தலைப்பு, 'வர்ஷித் மாடல்.'

"திருட்டுப் பய," என்றார் கனகவல்லி.

குருமார் இப்படிப் பேசலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். பேசினார்.

"அதாம் டீச்சர் சொல்லுதேன். அதே பட்டத்த வாங்கிட்டு வந்து, அதே ரூம்ல, அவன் முன்னாடி நின்னு காட்டணும். சேரட்டா?"

கனகவல்லி கையைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தை இப்ப ஓடிக்கிட்டிருக்குல்ல?"

"ஓடுது."

"உங்க சொந்தக் கணக்குல ஒரு டிரேட் போடுங்க. நான் பாக்கணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"மாட்டேன்."

"சின்னதா ஒண்ணு."

"ஒத்த லாட்டுகூட மாட்டேன் டீச்சர்."

"பதினெட்டு வருஷம் இதே வேலை. ஒண்ணு போட இவ்வளவு பயமா?"

"பயமா?" லிங்கதுரைக்குச் சுருக்கென்றது. "அடி வாங்குன சூட்டோட அடுத்த டிரேட் போடவே கூடாது. ரிவெஞ்ச் டிரேட்னு பேரு. விட்ட எடத்துலயே புடிக்கணும்னு வெறி வரும். ரெண்டு மடங்காப் போடுவான், இருக்கதையும் விடுவான். என் டீம்ல எவனாவது அப்படிப் போடப் போனா, நாற்காலிய விட்டு எழுப்பி வெளிய அனுப்பிருவேன். இந்த வர்ஷித்தையே அனுப்பியிருக்கேன், கேட்டுப் பாருங்க."

"ஒத்த லாட்டுக்கே இவ்வளவு கட்டுப்பாடு," என்றார் கனகவல்லி. வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிழிய ஆரம்பித்தார்.

லிங்கதுரை கையிலிருந்த ஃபோனில் அனுப்பாமல் இருந்த ராஜினாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். புரிந்தது. புரிந்ததும் கோபம் தணியவில்லை, ஏறியது.

"சரி டீச்சர். நீங்களும் பேசாம இருன்னுதான் சொல்லுதிய. என் வீட்டுக்காரியும் அதத்தான் சொல்லுதா. ஊர்ல எவனுக்கு அநியாயம் நடந்தாலும் ஆறப்போடு, ஆறப்போடுன்னு சொல்ல ஆளு வந்துருவாவ. எனக்கு நடந்தது அநியாயம் இல்லையா?"

"அநியாயம்தான். கேக்குற எனக்கே பத்திக்கிட்டு வருது."

"அப்ப?"

"இந்த நிமிஷம் அந்தப் போஸ்ட்ட உங்களுக்கே குடுத்துட்டதா ஃபோன் வந்தா, சிங்கப்பூர் போவீங்களா?"

"எதுக்குப் போணும்?"

சொன்ன பிறகுதான் லிங்கதுரை தான் சொன்னதைக் கேட்டார்.

"படிப்பு உங்களுக்கு வரும் சார். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. படிக்கணும்னு ஆசை வந்து போங்க, ஏர்போர்ட்டுக்கு நானே வந்து வழியனுப்பறேன். அடுத்த வருஷமும் அந்தக் காலேஜ் அங்கேயேதான் இருக்கும். இப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அவன் அதைத் தன் மாடல்னு சொன்னப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

லிங்கதுரை அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன பண்ணீங்க சார்?"

"கைதட்டுனேன்."

"என்னது?"

"எல்லாரும் தட்டுனாவ. நானும் தட்டுனேன்."

கனகவல்லி பிழிந்த துண்டை வாளிக்குள்ளேயே திரும்ப எறிந்தார். எழுதுகிற எனக்கும் வயிறு எரிகிறது. பெரிய பெரிய புள்ளிகள் பின்வாங்கிய நாட்களிலும் துணிந்து வாங்கிய ஆள் இவர். அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது யாருடைய கணக்கு என்று தெரியும். அவர்களும் தட்டியிருக்கிறார்கள். தட்டிவிட்டு, கேக் வெட்டியிருக்கிறார்கள். இவருக்கும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள், இவரும் தின்றிருக்கிறார்.

"அது என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பட்டம் இல்லாதவன் சொன்னா எவன் டீச்சர் கேப்பான்? பட்டத்தோட வந்து சொன்னாத்தான் கேப்பான்."

"அது என்னோடதுன்னு சொல்றதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா? எந்தக் காலேஜ்ல சார் அதைச் சொல்லித் தர்றாங்க? பேரைச் சொல்லுங்க, நானும் வந்து சேர்ந்துக்கறேன்."

லிங்கதுரை மொட்டைமாடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். கொஞ்ச நேரம் கீழே தெருவைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"இப்பப் போய்ச் சொன்னா வேலை போயிடும் டீச்சர்."

கனகவல்லி அவர் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார்.

"பட்டத்துக்காகத் தூக்கி எறியத் துணிஞ்ச வேலைதானே சார் அது. உங்களுக்காக எறியக் கூடாதா?"