இரண்டு பெஞ்சும் ஒரு பந்தும்

செசிலி மிஸ்ஸிடம் கால்பந்து கற்க வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் தனிஸ்லாஸ்தான். நாற்பத்தாறு வயது. மிஸ்ஸைவிடப் பன்னிரண்டு வயது கூட. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். அவர் ஆடுவதற்காக வரவில்லை. பிள்ளைகளை ஆட வைக்கக் கற்றுக்கொள்ள வந்தார்.

மிஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மாலையானால் ஐஸ் கம்பெனிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மைதானத்துக்கு வந்துவிடுவார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பதினான்கு பேர் அங்கே அவரிடம் பழகினார்கள். தனிஸ்லாஸின் மகன் அமலனும் அதில் ஒருவன்.

முதல் ஆறு மாதம் மிஸ் தனிஸ்லாஸுக்குக் கொடுத்த வேலை பந்துக்குக் காற்றடிப்பதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும்தான். முகம் சுளிக்காமல் செய்தார். ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை மிஸ் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ரயிலடி டீமோட மேட்ச். நீங்க பாத்துக்கிடுங்க, அண்ணே."

"நானா? நீங்க, மிஸ்?"

"நான் சும்மா வருவேன்."

அன்றிலிருந்து தனிஸ்லாஸுக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலடி அணியை நினைத்து அல்ல. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து உட்காருகிற இரண்டு பெஞ்சுகளை நினைத்து.

வடக்கு ஓரத்தில் கிடந்தது கோயிலில் கழித்துப்போட்ட மரப் பெஞ்சு. அதில் உட்காருகிறவர்களுக்குத் தலைவி சண்முகத்தாய். உப்பளத்தில் வேலை. வேலை முடிந்து கால் கழுவின ஈரத்தோடு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது என்பது அவர் கட்சி.

தெற்கு ஓரத்தில் கிடந்தது ஐஸ் கம்பெனி கொடுத்த இரும்புப் பெஞ்சு. அது கர்டோசாவின் பெஞ்சு. அவர் அந்தக் கம்பெனியில் மேஸ்திரி. பந்தைத் தூக்கி அடித்தால்தான் ஆட்டம் என்பது அவர் கட்சி.

இரண்டு கட்சியும் பயிற்சிக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் நடுவட்டத்தில் சந்திக்கும். அன்றைக்கும் சந்தித்தது.

"ரயிலடிப் பயலுவ பனை ஒசரம் நிக்கானுவ" என்றார் கர்டோசா. "நம்ம பிள்ளைகள அவனுவகூட முட்ட விட்டா முழங்கால்தான் போவும். தள்ளி நின்னு தூக்கி அடிக்கணும்."

"தூக்கி அடிச்ச பந்து எங்க போவும்?"

"மேல போவும்."

"மேல போனத யாரு எடுப்பா? ஒசரமா இருக்கவன்தான எடுப்பான்?" என்றார் சண்முகத்தாய். "அவன் கையில கொண்டு குடுக்கதுக்கு நாம எதுக்கு அம்புட்டுத் தூரம் அடிக்கணும்?"

வடக்குப் பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. போன மேட்ச்ல ரெண்டு கோல் வாங்குனோமே, எதால வாங்குனோம்? உங்க பக்கம் பாஸ் பாஸ்னு தட்டிக்கிட்டே நின்னு, பிசகிப் போயித்தான் வாங்குனோம். நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நானும் ரெண்டு கண்ணாலதான் பாத்தேன். உங்க பக்கத்துல இருந்து தூக்கி அடிச்சது நேரா அவன் காலுல போயி விழுந்துச்சு. அதுதான் கோலாச்சு."

"ரெண்டு கோலுமா?"

"ரெண்டு கோலும்."

வாய்ச்சண்டை முற்றிப்போய்க் கடைசியில் தனிஸ்லாஸ் பக்கம் திரும்பியது.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க" என்றார் சண்முகத்தாய். "தூக்கி அடிக்கதுதான்னா எங்க பெஞ்சுப் பிள்ளைக ஆறு பேரும் ரயிலடிக்கே போயிருதோம்."

"பாஸ்தான்னா எங்க ஆறு பேரும் போயிருதோம்" என்றார் கர்டோசா.

"ரெண்டு பேரும் ரயிலடிக்குப் போனா அங்கயும் ஒண்ணாத்தான நிக்கணும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

தனிஸ்லாஸ் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். யார் பக்கம் பேசினாலும் ஆறு பிள்ளைகள் போய்விடும். மீதி எட்டு. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு எந்த மைதானத்திலும் இறங்க முடியாது. ஆறு மாதம் காத்துக் கிடந்து கையில் வந்த அணி, அவர் பொறுப்பில் ஒரு மேட்ச்கூட ஆடாமல் கலைந்துவிடும்.

மிஸ் கோல் கம்பத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார். தனிஸ்லாஸ் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மிஸ், நம்ம டீம் எந்த மாதிரி ஆடுது?"

"நீங்க என்ன பாத்தீங்க?"

"தெக்கு ஓரத்துல தூக்கி அடிக்காங்க. வடக்கு ஓரத்துல தரையில பாஸ் பண்ணுதாங்க."

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

"அதுல எது சரி?"

மிஸ் வலையின் கடைசி முடிச்சைப் போட்டார்.

"புதன்கிழமை அந்த ரெண்டு பெஞ்சையும் இடம் மாத்திப் போடுங்க."

"எதுக்கு, மிஸ்?"

மிஸ் விசில் ஊதிக்கொண்டு பிள்ளைகளிடம் போய்விட்டார்.

இரும்புப் பெஞ்சு நல்ல கனம். புதன்கிழமை மத்தியானம் துறைமுகத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து தூக்க வேண்டியிருந்தது. கர்டோசா என்ன சொல்வாரோ, சண்முகத்தாய் என்ன சொல்வாரோ என்று பதில்களையெல்லாம் தயார் பண்ணி வைத்துக்கொண்டு தனிஸ்லாஸ் நின்றார்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கர்டோசா கட்சி பேசிக்கொண்டே வந்து இரும்புப் பெஞ்சைத் தேடிப்போய் உட்கார்ந்தது. சண்முகத்தாய் கட்சி மரப் பெஞ்சைத் தேடிப்போய் உட்கார்ந்தது. வடக்கே இருந்தவர்கள் தெற்கே வந்துவிட்டோம் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. அவர்களுக்குப் பெஞ்சு இருக்கிற இடம்தான் வடக்கு.

பயிற்சி ஆட்டம் தொடங்கியது. ஏழுக்கு ஏழு.

தனிஸ்லாஸ் மேற்கு மூலையில், கோட்டை ஒட்டி நின்று பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. பத்து நிமிஷம் போனபின் புரிந்தது.

வடக்கு ஓரத்தில் பந்து கிடைத்த பிள்ளை, அது யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, ஒரு நொடி இரும்புப் பெஞ்சைப் பார்த்தான். பிறகு தூக்கி அடித்தான். திங்கட்கிழமை வரை அதே ஓரத்தில் தரையோடு தட்டிக் கொடுத்தவர்கள்தான். தெற்கு ஓரத்தில் பந்து கிடைத்தவன் மரப் பெஞ்சைப் பார்த்தான். பந்து தரையிலேயே உருண்டது.

நடுவில் பந்து கிடைத்தவன் பாடுதான் பரிதாபம். கர்டோசாவின் மகன் நிக்சனுக்கு நடுவட்டத்தில் பந்து கிடைத்தது. வடக்கே பார்த்தான். தெற்கே பார்த்தான். பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். எதிரே வந்தவன் அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய் கோல் அடித்தான்.

"பாத்தீங்களா, தூக்கி அடிக்காததால வந்தது" என்றது ஒரு பெஞ்சு.

"பாத்தீங்களா, பாஸ் குடுக்காததால வந்தது" என்றது மற்றப் பெஞ்சு.

துறைமுகத்தில் ஒரு விதி உண்டு. வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேலே நிற்கிற ஒருவன் கை காட்டுவான், அதைப் பார்த்துத்தான் தூக்குவதும் இறக்குவதும். இரண்டு பேர் கை காட்டினால் ஒன்றும் செய்யக் கூடாது. நிறுத்திவிட வேண்டும். இருபது வருஷமாகத் தனிஸ்லாஸ் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார். நிக்சன் செய்ததும் அதுதான் என்று அவருக்குப் பட்டது.

ஆட்டம் முடிந்ததும் வேகமாக மிஸ்ஸிடம் வந்தார்.

"பாத்துட்டேன், மிஸ். பெஞ்சுதான் ஆடுது. பிள்ளைக ஆடல."

மிஸ் பந்துகளை வலைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அமலன் எந்த இடத்துல ஆடுதான், அண்ணே?"

"ரைட் பேக்."

"அவன் டீமுக்கு அது எந்தப் பக்கம்?"

"கிழக்க, கோலுக்குப் பக்கத்துல."

"இன்னைக்கு எங்க நின்னான்?"

தனிஸ்லாஸ் யோசித்தார். ஆட்டம் முழுக்க மகனின் முதுகும் கழுத்தில் வழிந்த வியர்வையும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. இரண்டு தரம் அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

"என் பக்கத்துல" என்றார்.

"நீங்க எங்க நின்னீங்க?"

தனிஸ்லாஸ் குனிந்தார். கீழே கிடந்த பந்தை எடுத்து மிஸ்ஸிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சண்முகத்தாயும் கர்டோசாவும் நடுவட்டத்தில் காத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்ச கையோட சொல்லுதேன்" என்றார் தனிஸ்லாஸ்.

"அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்றார் கர்டோசா.

"ஒரு மணி நேரம் கிடையாது" என்றார் சண்முகத்தாய். இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போனது.

தனிஸ்லாஸ் மிஸ்ஸிடம் போனார்.

"மேட்சுக்குப் பெஞ்ச எங்க போடட்டும், மிஸ்? பழைய இடத்துலயா, மாத்தின இடத்துலயா?"

மிஸ் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கிழக்கே, கடலை ஒட்டி நின்ற கோல் கம்பத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

"அங்க."

"எத?"

"ரெண்டையும்."

"சேத்தா?"

"இருக்க இடம் அம்புட்டுதான, அண்ணே."

தனிஸ்லாஸ் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார்.

"மிஸ், சாயங்காலம் அங்க உக்காந்தா வெயிலு நேரா கண்ணுல அடிக்கும். ஒரு மண்ணும் தெரியாது."

"ஆமா."

"நான் எங்க நிக்க?"

"நீங்களும் அங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கு ஆட்டம். இரண்டு ஓரங்களிலும் ஆள் நிற்காதபடி கயிறு கட்டியிருந்தது. இரண்டு கட்சியும் முணுமுணுத்துக்கொண்டே கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து, அவரவர் பெஞ்சில் உட்கார்ந்தது. பெஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கர்டோசாவின் முழங்கைக்கும் சண்முகத்தாயின் தூக்குவாளிக்கும் நடுவில் நாலு விரல்கடைதான் இடம்.

"எந்த மகராசன் இங்க கொண்டு போட்டது?" என்றார் கர்டோசா, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு.

"நான்தான்" என்றார் தனிஸ்லாஸ்.

விசில் ஊதியது. தகதகக்கிற வெயிலுக்கு முன்னால் இருபத்திரண்டு கறுப்பு உருவங்கள் ஓடத் தொடங்கின. சட்டையின் நிறம் தெரியவில்லை. முகம் தெரியவில்லை. பந்து மட்டும் அவ்வப்போது தெரிந்தது.

"அந்தா ஓடுதது யாரு, நம்ம நிக்சனா?" என்றார் கர்டோசா.

"நிக்சன் எங்க அப்படி ஓடுவான்? அது என் மகன்."

"உங்க மகன்னா பாஸ் குடுத்திருப்பான். இவன் தூக்கில்லா அடிச்சுட்டான்."

"அந்த எடத்துல தூக்கி அடிச்சதுதான் சரி" என்றார் சண்முகத்தாய். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார்.

தூரத்தில் பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று ஐந்தாறு பேரிடம் தரையோடு தரையாகப் போனது.

"யாரு பெத்த பிள்ளைகளோ, என்னமா குடுக்கான் பாருங்க" என்றார் கர்டோசா.

"அது ரயிலடிப் பிள்ளைகளா இருந்தா?"

"இருந்தா இருந்துட்டுப் போவுது. நல்லாக் குடுத்தா நல்லாக் குடுத்ததுதான்."

முதல் பாதியில் அவர்கள் கண்ணெதிரே, அதே கோலில், ரயிலடி அணி ஒன்று போட்டது. போட்டவன் உயரமானவனா குட்டையானவனா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. வெயில் இன்னும் சரிந்து இன்னும் கண்ணில் குத்தியது. பெஞ்சிலிருந்தவர்கள் பாதி நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். இத்தனை நாள் பெஞ்சுகளின் சத்தத்தில் அது கேட்டதே இல்லை.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாலைந்து உருவங்கள் வெயிலுக்குள்ளிருந்து பெரிதாகிக்கொண்டே வந்தன. புழுதி கிளம்பியது. வலை வந்து அவர்கள் முகத்துக்கு நேரே புடைத்தது. உள்ளே பந்து கிடந்தது. அடித்தவன் மேல் மற்றவர்கள் விழுந்து ஒரு குவியலாகக் கிடந்தார்கள்.

இரண்டு பெஞ்சும் ஒன்றாக எழுந்து நின்றது. யாரோ தட்டிவிட்டதில் தூக்குவாளியிலிருந்த காப்பி மணலில் கொட்டியது. சண்முகத்தாய் அதைக் கவனிக்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது.

"யாரு அடிச்சது?" என்றார் கர்டோசா.

"தெரியலையே" என்றார் சண்முகத்தாய். "பிள்ளைகள்ட்ட கேப்போம்."

பிள்ளைகள் அதற்குள் ரயிலடிப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியிருந்தார்கள். தண்ணீருக்குள் இருந்தவர்களில் யார் யார் பிள்ளை என்று அங்கேயும் தெரியவில்லை.

தனிஸ்லாஸ் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். இப்போது கேட்பார்கள். சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

கர்டோசா கண்ணைக் கசக்கிக்கொண்டே அவர் பக்கம் வந்தார்.

"அடுத்த மேட்ச் என்னைக்கு, தனிஸ்லாஸ்?"

"வார ஞாயித்துக்கிழமை."

"தொப்பி கொண்டாரணும். இந்த வெயிலு மனுசனுக்கு ஆவாது."

"எனக்கும் ஒண்ணு கொண்டாங்க" என்றார் சண்முகத்தாய், காலி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தபடி. பிறகு இரண்டு பேரும் கோல் அடித்தது யார் பிள்ளை என்று தர்க்கம் பண்ணிக்கொண்டே கடல் பக்கமாக நடந்தார்கள்.

மைதானம் காலியானது. செசிலி மிஸ் இரும்புப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முழுக்க அங்கேதான் இருந்தார். தனிஸ்லாஸ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அணி கலையவில்லை. கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது.

"மிஸ், இன்னைக்கு நம்ம பிள்ளைக எந்த மாதிரி ஆடினாங்க?"

"நீங்க பாக்கலயா?"

"எங்க பாக்க? கண்ணு பூரா வெயிலு."

மிஸ் முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும்தான், அண்ணே."