தாத்தாவான டிரில் மாஸ்டர்

சூசைமிக்கேல் ஒரு கடலோர ஊரின் டிரில் மாஸ்டர். முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிவிட்டு, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். இப்போதும் அவர் தெருவில் வந்தால் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

டிசம்பர் பிறந்தால் அந்த ஊரில் பேண்டு வாத்தியத்தோடு கிறிஸ்துமஸ் தாத்தா வீடு வீடாக வருவார். சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, சிரிக்கிற முகமூடி. உள்ளே இருப்பது லீமா என்பது பேண்டு கோஷ்டிக்கும் சூசைமிக்கேலுக்கும் மட்டும்தான் தெரியும். அவரிடம் படித்தவள் அவள். அந்த வருஷம் அவளுக்கு ஏழாம் மாசம்.

"இந்தத் தடவை வயித்துல தலையணை கட்ட வேண்டாம்னு நெனச்சேன் சார். டாக்டரம்மா ஆடவே கூடாதுன்னுட்டாங்க" என்று சிரித்தாள்.

"நான் போடட்டுமா?"

"நீங்களா? ஏன் சார்?"

"முகமூடி போட்டா நான்னு தெரியாதுல்லா. பிள்ளைங்க பக்கத்துல வரும்."

லீமா அங்கியையும் முகமூடியையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

முதல் நாள் அவர் நன்றாகவே ஆடினார். கைத்தடியைச் சுழற்றினார். வயிறு குலுங்கச் சிரித்தார். பெரிய பிள்ளைகள் கை தட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு அம்மாக்களின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒரு குழந்தையை அவர் கையில் வாங்க, அது மூச்சுவிடாமல் அழுது நீலம் பாரித்துவிட்டது.

மறுநாள் காலை அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு லீமா வீட்டுக்குப் போனார்.

"முகமூடிக்குள்ள இருந்தும் என்னைக் கண்டா பயப்படுதுங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

லீமாவின் அக்காள் மகன், மூன்று வயசுப் பயல், அங்கியைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தான். லீமா அங்கியை மாட்டினாள், முகமூடியைப் போட்டாள், அறைக்குள் போனாள். கட்டிலுக்கு முதுகு காட்டித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். ஆடவில்லை, கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற சூசைமிக்கேலுக்குக் கால் வலித்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. தாடியைத் தொட்டது. இழுத்துப் பார்த்தது. பிறகு பயல் முழுசாக வெளியே வந்து அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான்.

அவனைத் தூக்கிக் கட்டிலில் விட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

"நீ என்ன செஞ்சே?" என்று கேட்டார்.

"உக்காந்திருந்தேன் சார்."

"அவன் வராமலே இருந்திருந்தா?"

"உக்காந்திருப்பேன்."

சூசைமிக்கேல் அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பேண்டு கோஷ்டி ஜெனிலாவின் வீட்டுக்கு வந்தது. ஜெனிலா மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். அவள் அப்பா மழைக்காலத்தில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அந்த வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவில்லை. நடைப்படியில் அவள் மட்டும் அச்சு முறுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சூசைமிக்கேல் ஆடவில்லை. அவள் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, படியில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள். "தாத்தா, கேட்டதெல்லாம் தருவியா?"

அவர் தலையசைத்தார்.

"எங்க அப்பாவைக் கூட்டிட்டு வா."

'வருவார்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"என்னால முடியாது மோளே" என்றார்.

அவள் முகமூடியை உற்றுப் பார்த்தாள். பிறகு அழுதாள். முகமூடிக்குள் அவருக்கும் கண்ணீர் வழிந்து தாடி நனைந்தது. பேண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் படியிலேயே இருந்தார்கள்.

மறுநாள் லீமாவிடம் வந்து நடந்ததையெல்லாம் சொன்னார்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன் லீமா. கொடுக்கப் போனவன் கொடுக்க முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதுவும் என் சொந்தக் குரல்ல. எந்தப் பிள்ளைக்குத் தெரியாது அந்தக் குரல்?"

"கண்டுபிடிச்சிட்டாளா?"

"நான் எந்திரிச்சப்போ முறுக்கை ரெண்டா உடைச்சு ஒரு பாதியை நீட்டினா. 'சார், இந்தாங்க'ன்னு சொன்னா. தாத்தான்னு சொல்லல."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். பாதி முறுக்கு நொறுங்காமல் இருந்தது.

"ஏன் சார் திங்கல?"

"தாத்தாவுக்கு வந்தது. நான் எப்பிடித் திங்க?"

லீமா அந்த முறுக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்களுக்குத்தான் தந்திருக்கா. தின்னுங்க சார்."