குழியிலிருந்து பார்த்தது

வத்தலக்குண்டில், கொடைக்கானல் மலைப்பாதை பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரெஜினாவின் பட்டறை இருந்தது. பழைய கார்கள் எங்கெங்கிருந்தோ அவளைத் தேடி வரும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த காசிராஜன் ஐம்பது வயதுக்கு மேல் அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார். அவளைவிட மூத்தவர்தான். ஆனாலும் மேஸ்திரியம்மா என்றே கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"மேஸ்திரியம்மா, யாரையும் கேக்காம நானே ஒரு வண்டியை முடிச்சு அனுப்புற நாள் எப்ப வரும்?"

வாசலில் இன்பராஜின் கார் வந்து நின்றது. ரெஜினா அதைப் பார்த்துக் கை காட்டினாள்.

"அதை நீங்களே முடிங்க."

இன்பராஜ் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். அவருடைய அப்பா வாங்கிய நீளமான வெளிநாட்டுக் கார் அது. அந்தக் காலத்திலேயே பவர் ஸ்டியரிங் வைத்தது. இப்போது ஸ்டியரிங்கை உள்ளங்கை அகலத்துக்கு ஆட்டினாலும் சக்கரம் அசையவில்லை.

காசிராஜன் ஆயிலைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங் தண்டு போய்ச் சேரும் பல்சக்கரப் பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸின் தலையில் இருக்கும் திருகைக் கொஞ்சம் முறுக்கினார். ஆட்டம் குறைந்தது. இன்பராஜ் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே வண்டி அதே ஆட்டத்தோடு திரும்பி வந்தது. காசிராஜன் திருகை இன்னும் நன்றாக முறுக்கினார். ரெஜினா பக்கத்து வண்டியில் வேலையாக இருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த முறை வந்தபோது காரின் இடப்பக்கம் நெடுக உராய்ந்து, தடுப்புச் சுவரின் வெள்ளை ஒட்டியிருந்தது.

"வளைவுல ஒடிச்சேன்," என்றார் இன்பராஜ். "ஒடிச்ச ஸ்டியரிங் நேருக்கு வரல. அந்தச் சுவர் மட்டும் இல்லேன்னா பள்ளம்தான். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி உக்காந்திருந்தா."

"அவங்களுக்கு?" என்றாள் ரெஜினா.

"அடி ஒண்ணும் இல்ல. பஸ்ல வீட்டுக்குப் போயிட்டா."

அவர் சாவியை வைத்துவிட்டு நடந்தார். காசிராஜன் மத்தியானம் சாப்பிடவில்லை. ரெஜினாவிடம் வந்து நின்றார்.

"ரெண்டு தடவையும் திருகை முறுக்கினது நான்தான். அது இறுகிப் பிடிச்சதாலதான் ஸ்டியரிங் திரும்பி வரல. எனக்கு இது வராது. நான் லாரிக்கே போயிடுறேன்."

"போகலாம். முதல்ல வண்டியைக் குழி மேல நிறுத்துங்க. திருகைப் பழைய அளவுக்குத் தளர்த்துங்க."

அடியில் நின்று வேலை பார்க்கத் தரையில் வெட்டிய குழி மேல் அவர் வண்டியை நிறுத்தித் திருகைத் தளர்த்தினார். அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாள்.

"டார்ச் எடுத்துட்டுக் குழியில இறங்குங்க."

"நீங்க இறங்கிப் பாருங்க மேஸ்திரியம்மா. எனக்கு என்ன தெரியும்?"

"இறங்குங்க அண்ணே."

அவர் இறங்கினார். அவள் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"என்ன ஆடுது?"

"ராடு நல்லா இருக்கு. ஜாயிண்ட்டும் நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிறத நான் கேக்கல."

டார்ச் வெளிச்சம் கீழே அங்கும் இங்கும் நகர்ந்தது. அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"பாக்ஸே ஆடுது," என்றார் காசிராஜன்.

அவள் கை நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பாக்ஸ் மொத்தமா ஆடுது. போல்ட்டெல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு. அதை மாட்டியிருக்கிற சட்டம்தான்… இருங்க." வருஷக்கணக்கில் எண்ணெயும் மண்ணும் படிந்த இடத்தை அவர் துணியால் அழுத்தித் துடைத்தார். "இப்ப ஆட்டுங்க."

இரும்பில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு திறந்து மூடியது.

"விரிசல் விட்டிருக்கு, மேஸ்திரியம்மா."

சட்டத்துக்குப் பட்டை வைத்து வெல்டிங் செய்தார்கள். பிறகு காசிராஜன் ஓட்ட, ரெஜினா இடப்பக்கம் உட்கார, இருவரும் மலையேறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் தானாக வழுக்கி நேருக்கு வந்தது. சுவர் உராய்ந்த இடத்தில் மட்டும் அவர் வேகத்தைக் குறைத்தார்.

தோட்ட வீட்டில் இன்பராஜின் மனைவி வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். ஏறவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இருவருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது காசிராஜன் வாய் திறந்தார். குரலில் கோபம் இருந்தது.

"விரிசல்னு உங்களுக்கு முதல்லயே தெரியும். நான் பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டீங்க. அந்தம்மா உயிரு போயிருந்தா?"

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணே? நீங்க குழியிலேருந்து சொன்னப்பதான் எனக்கும் தெரிஞ்சது."