மாசத்துக்கு ஒரு பனை

நாய்க்கும் ஆட்டுக்கும் மனுசனுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், எந்த நாய்க்குட்டியும் வழியில் உட்கார்ந்ததே கிடையாது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். பால்குடி மறந்த மறுநாளே பெரிய நாய்களோடு சேர்ந்து ஓடியாக வேண்டும். காலையில் ஓட்டம், மத்தியானம் ஓட்டம், ஆட்டுக் கிடையை வேறு இடத்துக்கு மாற்றும் நாளில் பொழுதுக்கும் ஓட்டம். "ஓடுற நாய்க்குத்தான் கஞ்சி" என்று சட்டம் போட்டிருந்தது கருவாயன். மந்தைக்காரர் கோட்டைச்சாமி கீதாரியின் ஐந்நூறு ஆட்டுக்கும் காவல் நின்ற நாய்க் கூட்டத்துக்கு அதுதான் தலைவன்.

அந்தச் சட்டத்தால் என்ன ஆயிற்று? சீமையில் இருந்த அத்தனை நாய்க்கும் முன்னங்கால் வளைந்து கிடந்தது. மூன்று வயசிலேயே நொண்டல். நாய் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஓநாய்க்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். வாரம் தவறாமல் வரும், ஒரு ஆட்டுக்குட்டியைக் கவ்வும், திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும். நம் வீரர்கள் நாலு எட்டு ஓடி, நொண்டி, குரைத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். வெட்கக்கேடு!

அந்தக் கூட்டத்தில் செவலை என்று ஒரு தாய் நாய். முதல் ஈற்றில் போட்ட ஐந்து குட்டிக்கும் கால் வளைந்து போனதைக் கண்ணால் பார்த்தவள். இரண்டாம் ஈற்றில் தங்கியது ஒன்றே ஒன்று. நாலு பாதமும் பால் நிறம் என்பதால் பேர் வெள்ளைக்காலி.

வெள்ளைக்காலிக்கு இரண்டு மாசம் ஆனபோது கிடையைக் கண்மாய்க் கரைக்கு மாற்றினார்கள். வழியெல்லாம் பனை. அந்தச் சீமையில் பனைகள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். முதல் பனை வரைக்கும் குட்டி துள்ளிக்கொண்டு ஓடியது. இரண்டாவது பனையில் நாக்குத் தள்ளியது. அதோடு சரி, நடுவழியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"எந்திரி!" என்று உறுமியது கருவாயன்.

"மாட்டேன். கால் வலிக்குது."

எந்தக் குட்டியும் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. முன்னால் வந்த ஆடு குட்டியைப் பார்த்து நின்றது. அது நின்றதும் பின்னால் வந்தது நின்றது. ஆட்டுப் புத்திதான் தெரியுமே, கொஞ்ச நேரத்தில் ஐந்நூறு ஆடும் ஒன்றன் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு ஒரே கூச்சல்.

கருவாயன் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. செவலை குறுக்கே போய் நின்றாள்.

"தொடாதே அண்ணே. அஞ்சு பிள்ளைகளோட காலை உன் சட்டத்துக்குக் குடுத்துட்டேன். இவ காலைத் தர மாட்டேன்."

கூச்சலைக் கேட்டுக் கீதாரி கோட்டைச்சாமி ஓடிவந்தார். "என்ன செவலை, வழியை மறிச்சுக்கிட்டு நாடகம் போடுறே?"

"கீதாரி, வளர்ற எலும்பு பச்சைக் கம்பு மாதிரி. இப்ப வளைஞ்சா வளைஞ்சதுதான். இவளுக்கு ரெண்டு மாசம், ரெண்டு பனை ஓடிட்டா. போதும். மூணாம் மாசம் மூணு பனை ஓடட்டும். மாசத்துக்கு ஒரு பனை கூட்டிக்கிடுறேன். ஒரு வயசு ஆகட்டும், அந்த ஓநாயை இவ பிடிப்பா."

"பிடிக்கலேன்னா?" என்று கேட்டது கருவாயன்.

இந்தக் கிடையை விட்டால் செவலைக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் சொன்னாள்: "நானும் என் பிள்ளையும் காட்டுக்குப் போயிடுறோம். திரும்பி வர மாட்டோம்."

கீதாரி தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் மனைவி இருளாயி குட்டியைத் தூக்கி, கழுதை முதுகில் தொங்கிய கூடையில் அன்று பிறந்த ஆட்டுக்குட்டிகளோடு வைத்தாள். "பெத்தவ சொல்லுறா. ஒரு வருசம்தானே? நடங்க" என்றாள். ஆடுகள் நகர்ந்தன.

அப்புறம் கேலிக்கு என்ன குறைச்சல்! "மகாராணி பல்லக்கு வருது, வழி விடுங்கடா" என்று தினமும் மற்ற நாய்கள் கத்தின. வெள்ளைக்காலிக்கு அவமானமாக இருந்தது. நாலு மாசம் ஆனபோது உடம்பில் தெம்பு ஏறிவிட்டது. நாலு பனை முடிந்தும் நிற்க மனசில்லை.

"இன்னும் ஒரே ஒரு பனை, அம்மா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். ஏறு கூடையில."

"எனக்குக் கால் வலிக்கலை!"

"வலிச்ச பிறகு நிறுத்துறதுக்கு நான் எதுக்குடி?"

குட்டி அழுதுகொண்டே ஏறினாள். ஏறின கணமே தூங்கியும் போனாள். கிடை போட்ட இடத்தில் மட்டும் அவளை யாரும் தடுக்கவில்லை. வெட்டுக்கிளியைத் துரத்துவாள், ஆட்டுக்குட்டியின் காதைக் கடிப்பாள், அலுத்தால் நின்ற இடத்திலேயே விழுந்து உறங்குவாள். செவலை பக்கத்தில் உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையின் முன்னங்கால் நேராக இருக்கிறதா என்று தினமும் முகர்ந்து பார்ப்பாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். தப்பாகப் போனால் இரண்டு பேருக்கும் காடுதானே?

ஆறு, எட்டு, பத்து என்று பனை ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாம் மாசம் பன்னிரண்டு பனையும் ஓடி முடித்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள் வெள்ளைக்காலி. கூடை எப்போதோ சிறுத்துப் போயிருந்தது.

ஒரு வயசு நிறைந்த அன்று, நல்ல உச்சி வெயில். கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. ஆடுகள் கருவேல நிழலில் அசைபோட்டுக்கொண்டிருக்க, ஓநாய் வந்தது. பட்டப்பகலில் வரும் அளவுக்கு அதற்குக் கொழுப்பு! இருளாயி கைநீட்டும் தூரத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு கரையோரப் பனைகளின் பக்கமாக ஓடியது.

கருவாயன்தான் முதலில் பாய்ந்தது. தைரியத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது பனையில் முன்னங்கால் மடங்கி மண்ணில் விழுந்தது. மற்ற நாய்கள் நாலாவது பனையில் நின்றுவிட்டன.

வெள்ளைக்காலி எல்லோரையும் தாண்டி ஓடினாள். ஆறாவது பனை போனது. ஒன்பதாவது போனது. ஓநாய் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டாவது பனையும் போனது.

"எண்ணாதேடி! இன்னைக்கு எண்ணாதே! ஓடு!" என்று பின்னாலிருந்து செவலை கத்தினாள்.

அவள் எண்ணவில்லை. மடையடியில் போய், தன் தோளால் ஓநாயின் தோளில் ஒரே இடி. ஓநாய் உருண்டது, குட்டி வாயிலிருந்து விழுந்தது. எழுந்த ஓநாயின் தொடையில் அவள் வைத்த கடியில், "விட்டுடு தாயே, இந்தப் பக்கமே வரலை!" என்று அது ஊளையிட்டுக்கொண்டு போனது. போனதுதான், சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

ஆட்டுக்குட்டியை முன்னால் நடக்கவிட்டு, நேரான நாலு காலில் நிமிர்ந்து வந்தாள் வெள்ளைக்காலி. இருளாயி குலவை போட்டாள். ஐந்நூறு ஆடும் சேர்ந்து கத்தியதில் கண்மாய்க் கரையே அதிர்ந்தது. கீதாரி தலைத்துண்டை அவிழ்த்து வெள்ளைக்காலியின் கழுத்தில் கட்டினார். செவலை சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவாயன் நொண்டிக்கொண்டு வந்து அந்த வெள்ளைப் பாதங்களை நெடுநேரம் பார்த்தது. "என்னையும் யாராவது கூடையில வச்சிருந்தா, என் காலும் இப்படி இருந்திருக்கும், இல்லையா செவலை?"

"இருந்திருக்கும் அண்ணே."

மறுநாள் கிடை மாறியது. கருவாயனின் பேத்தி, இரண்டு மாசக் குட்டி, இரண்டாவது பனையடியில் தயங்கித் தயங்கி நின்று கருவாயனைப் பார்த்தது.

"உட்காரு கண்ணு" என்றது கருவாயன். பிறகு ஆடுகள் பக்கம் திரும்பி, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் குரைத்தது: "நில்லுங்க எல்லாரும்! பிள்ளை உட்கார்ந்திருக்கு!"

அன்று முதல்தான் நாய்க்குட்டி தலைதெறிக்கக் கொஞ்சம் ஓடும், பிறகு நடுத்தெருவானாலும் பொத்தென்று உட்கார்ந்துவிடும். இழுத்தாலும் வராது, கெஞ்சினாலும் வராது. அதைத் திட்டாதீர்கள். அது தன் பனையை எண்ணி முடித்துவிட்டது, தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.