தாசில்தார் வீட்டு அலாரம்

ஓய்வுபெற்ற தாசில்தார் சிதம்பரநாதன் வீட்டுத் திருட்டு அலாரம், இந்த வருஷத்தில் நாலாவது தடவையாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. வந்து வந்து மெக்கானிக் இசக்கியம்மாளுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

"பேட்டரியை மாத்தி மாத்தி என்னை ஏமாத்துறியா? ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாம கோளாறைக் காட்டு, பார்ப்போம்!" என்று எகிறினார் அவர்.

"சரி சார். மக வீட்டுக்குக் கிளம்புற மாதிரி கிளம்புங்க, போதும்."

அவர் ஜன்னலைச் சாத்தினார், கேஸை மூடினார், சாமிக்கு ஒரு கும்பிடு போட்டார். வாசலுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் மெயின் சுவிட்சை இறக்கினார். அலாரப் பெட்டியில் கரண்ட் வருவதைக் காட்டும் பச்சை விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

"கரண்டை நிறுத்திட்டு வாரக்கணக்கா ஊருக்குப் போனா பேட்டரி எப்படி சார் தாங்கும்?" என்றாள் இசக்கியம்மாள். "கையை எடுத்துராதீங்க. நாலு தடவையா நான் தேடுன திருடன் இப்பதான் சிக்கியிருக்கான்."