சேந்தன் செட்டியார் கட்டிய மருத்துவசாலை

கேளுங்கள், சொல்கிறேன். கடலில் பாய்மரக் கப்பல்கள் மட்டுமே ஓடிய காலம் அது. மணற்கரை என்ற ஊரில் சேந்தன் செட்டியார் என்றொரு மிளகு வணிகர் இருந்தார். நல்ல மனிதர். பொய் சொல்லமாட்டார், எடை குறைக்கமாட்டார், வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்.

ஒரு வருடம் ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. செட்டியாரின் சொந்தத் தம்பியே அதில் போய்விட்டான். காய்ச்சலில் விழுந்தவர்களைக் கிடத்திப் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் இடம்கூட இல்லையே என்று செட்டியார் மனம் வெந்தார். மலையடிவாரத்திலிருந்து கருங்கல்லை வரவழைத்தார். ஒன்றரை வருடத்தில் ஒரு மருத்துவசாலையை எழுப்பினார்.

இருபது கட்டில் போட இடம். மழைக்கு ஒழுகாத கூரை. வாசல் நிலைக்கு மேலே ‘சேந்தன் செட்டியார் மருத்துவசாலை’ என்று முழ உயரத்துக்குக் கல்லெழுத்து. அரசரே வந்து திறந்துவைத்தார். அரையனார் என்ற கெட்டிக்கார வைத்தியரை வெளியூரிலிருந்து அழைத்துவந்து அமர்த்தினார்கள்.

ஊருக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்தாயிற்று என்று செட்டியார் நிம்மதியானார்.

ஐப்பசி மாதம் அரையனார் வந்தார். “செட்டியாரே, நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து நிற்காது” என்றார்.

“கட்டடமே கொடுத்துவிட்டேனே. அரிசியை அவரவர் வீட்டார் கொண்டுவரட்டும்” என்றார் செட்டியார்.

கார்த்திகையில் மறுபடி வந்தார். கஷாயம் காய்ச்சக் காய்ந்த விறகு இல்லை என்றார். கட்டடம் கொடுத்தாயிற்று என்றார் செட்டியார்.

மார்கழியில் மூன்றாம் முறை வந்தார். நோயாளிகளைத் துடைத்துவிட, புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பெண்கள் வேண்டும், அவர்களுக்குக் கூலி வேண்டும் என்றார். அதற்கும் அதே பதில்தான். அதன்பின் வைத்தியர் வரவில்லை.

தை பிறந்ததும் செட்டியார் மிளகோடு கப்பல் ஏறினார். பத்தாம் நாள், தம்பியைக் கொண்டுபோன அதே காய்ச்சல் அவரைப் பிடித்தது. நினைவு தப்பியது. தாழைத்துறை என்ற சின்னத் துறையில் அவரைக் கரையிறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது.

கண் விழித்தபோது மேலே தென்னோலைக் கூரை தெரிந்தது. எட்டுக் கயிற்றுக் கட்டில்கள். எட்டிலும் ஆட்கள். நங்கை என்று ஒரு பெண், பலா இலையை மடித்துக் கஞ்சியை மொண்டு அவர் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சு வந்ததும் செட்டியார் கேட்டார். “இந்த அரிசி யார் கொடுத்தது?”

“யாரென்று எப்படிச் சொல்ல, ஐயா? வெளியே குதிர் இருக்கிறது. அறுப்பு முடிந்து போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கை நெல் போட்டுவிட்டுப் போவார்கள்.”

“இந்தத் துணி?”

“நெசவுத் தெருக்காரர்கள். பழைய வேட்டியைத் துவைத்துக் காயவைத்துக் கொடுப்பார்கள்.”

“உனக்குக் கூலி?”

“கரைக்கு வரும் படகுக்காரர்கள் ஆளுக்கொரு நாள் முறை வைத்திருக்கிறார்கள். தினம் ஒரு கூடை மீன் எங்கள் பங்கு.”

“நான் யாரென்று தெரியுமா?” என்றார் செட்டியார்.

“தெரியாது. உங்களுக்குக் காய்ச்சல் என்று தெரியும். வாயைத் திறங்கள்.”

செட்டியார் வாயைத் திறந்தார். கண்ணும் கலங்கியது. இருபத்தொரு நாள் அங்கே கிடந்து, சொந்தக் காலில் நடந்து, வேறொரு கப்பலில் ஊர் திரும்பினார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவசாலைக்குப் போனார். இருபது கட்டிலில் இரண்டில்தான் ஆள் இருந்தது. தாழ்வாரத்தில் ஆடுகள் படுத்திருந்தன.

“மற்றவர்கள் எங்கே?” என்று கேட்டார்.

“வருகிறார்கள். சமைத்துக் கொண்டுவர வீட்டில் ஆளில்லாதவர்கள் மூன்றாம் நாள் எழுந்து போய்விடுகிறார்கள்” என்றார் அரையனார். “குயவர் தெருவிலிருந்து தனிக்கட்டையாக ஓர் அம்மாள் வந்தாள். காய்ச்சலை இறக்கிவிட்டேன். பட்டினியை என்னால் இறக்க முடியவில்லை. குடிசைக்குத் திரும்பிப் போய்ச் செத்துப்போனாள்.”

செட்டியார் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே அரிசி வந்தது, விறகு வந்தது, இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அரையனார் மகிழ்ந்தார், ஆனால் ஒன்று சொன்னார். “இதெல்லாம் உங்கள் ஒரு கையை நம்பி இருக்கிறது. கடல் வியாபாரம் என்றைக்கும் ஒரேமாதிரி இருக்குமா?”

அதனால் செட்டியார் தாழைத்துறையை நினைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்கப் போனார். உழவரிடம் போனார், தலையசைத்தார்கள், கொடுக்கவில்லை. நெசவாளரிடம் போனார், பார்ப்போம் என்றார்கள், வரவில்லை. மூன்றாவதாகப் பால் விற்கும் குழலியிடம் போனார். அவள் உள்ளதைச் சொன்னாள்.

“கோபித்துக்கொள்ளாதீர்கள் செட்டியாரே. உங்கள் மருத்துவசாலைக்கு நான் எதற்குப் பால் ஊற்ற வேண்டும்? வாசலில் உங்கள் பெயரல்லவா இருக்கிறது? உங்களைக் காட்டிலும் வசதியான ஆள் இந்த ஊரில் யார்?”

செட்டியார் திரும்பிப் போகும் வழியெல்லாம் யோசித்தார். அந்த எழுத்து அவருக்குப் பிடித்த எழுத்து. தினமும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் நிமிர்ந்து பார்ப்பார். ஆனாலும் மறுநாள் காலை கல்தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரைக் கொத்தி எடுக்கச் சொன்னார். முதல் உளி விழுந்தபோது நெஞ்சில் விழுந்ததுபோல இருந்தது. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது.

“பதிலுக்கு என்ன வெட்டட்டும்?” என்று தச்சர் கேட்டார்.

“ஒன்றும் வேண்டாம். இது இவர்களுடையது” என்றார் செட்டியார்.

நான்கு நாள் கழித்துக் குழலி ஒரு செம்புப் பாலோடு வந்தாள். அடுத்த வாரம் நெசவுத் தெருவிலிருந்து ஒரு மூட்டைத் துணி வந்தது. அறுப்புக்குப் பிறகு நெல் வந்தது. சிலர் கடைசிவரை எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் நோயில் விழுந்தபோதும் கட்டில் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்துப் புயலில் செட்டியாரின் கப்பல்கள் மூன்றும் மூழ்கின. காய்ச்சலும் அதே மாதம் திரும்பி வந்தது. கொடுக்க ஒரு படி அரிசிகூட இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு அவர் மருத்துவசாலைக்குப் போனார். உள்ளே இருபது கட்டிலும் நிறைந்திருந்தன. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“வைத்தியரே, இந்த மாதம் என்னால் ஒன்றும்...” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் வந்துவிட்டது. உள்ளே வாருங்கள். இவரைப் புரட்டிப் போட ஓர் ஆள் வேண்டும்” என்றார் அரையனார்.

செட்டியார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அந்த முறை காய்ச்சலில் இருவர் இறந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

ஒருவர் ஒருமுறை கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடாமல், ஊரார் எல்லாரும் தம்மால் ஆனதை நாள்தோறும் கொடுத்துவந்தால்தான் நோயாளி பிழைத்து எழுவார்.