வால்மேல் ஆணை

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு இருந்தது, தொழில் இருந்தது, காட்டில் பெயரும் இருந்தது. இன்று சுவரில் பார்க்கிறோமே, அந்த விரல்நீளப் பல்லி இல்லை. வால் மட்டுமே ஒரு முழம் வரும். ஆற்றங்கரைக் காட்டில் மரவீடு கட்டிய தச்சனும் ஒரு பல்லிதான். சடையன் என்று பெயர். வேறு காடுகளில் தச்சர்கள் கோல் வைத்து அளந்தார்கள். சடையன் தன் வாலை மரத்தின்மேல் நீட்டிவைத்து அளந்தான். தூண் இரண்டு வால், உத்திரம் நாலு வால், அவ்வளவுதான் கணக்கு. கோல் தொலையும், களவு போகும், என் வால் எங்கே போகப்போகிறது என்று கேட்டுச் சிரிப்பான். தலைக்கனம்தான். ஆனால் வேலை சுத்தமாக இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு கோடையின் கடைசியில் பூவாயி என்ற முயல் அவனிடம் வந்தாள். முந்தைய மழையில் ஆறு பொங்கி வளைக்குள் புகுந்து, கண்கூடத் திறக்காத அவள் குட்டிகளை வாரிக்கொண்டு போயிருந்தது. இப்போது மறுபடி வயிற்றில் சுமந்திருந்தாள். இனிமேல் மண்ணை நம்பமாட்டேன், தூண்மேல் உயர்த்தி ஒரு வீடு கட்டிக்கொடுங்கள் என்று கேட்டாள். சடையனுக்கு மனசு இளகிவிட்டது. மழைக்கு முன்னால் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தான்.

வேலை மளமளவென்று நடந்தது. பாரம் தூக்கவும் பிடித்துக்கொள்ளவும் வீரணன் இருந்தான். அவன் உடும்பு, சடையனுடைய மச்சினன். தூண்களை நட்டார்கள், தளம் போட்டார்கள், கூரை உத்திரம் வந்து உட்காருவதற்குத் தூண்களின் தலையில் துளை அடித்தார்கள். உத்திரத்தை அளந்து அறுத்து, அதன் இரண்டு முனைகளையும் துளையில் நுழையும்படி ஒடுக்கமான கழுந்தாகச் செதுக்கி இறக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கீரி சடையன் வாலைக் கடித்துத் துண்டாக்கியது. அப்போதெல்லாம் பல்லியின் வால் தானாக விழாது. யாராவது பிடுங்கினால்தான் உண்டு. சடையன் காய்ச்சல் என்று சொல்லி ஒரு பாறை இடுக்கில் பதுங்கிக்கொண்டான். வால் மறுபடி முளைக்கும்வரை வீரணனுக்குக்கூட முகம் காட்டவில்லை. முளைத்த வால் பழைய வாலைவிட அரை விரல் குட்டை. அது அவனுக்கே சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் தெரிந்திருந்தது. நுனி மொண்ணையாக இருந்ததைத் தினமும் தடவிப் பார்த்தவன் அவன்தானே. அரை விரல்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டான்.

உத்திரம் நாலு வால். தூண்களை நட்டதோ பழைய வால் கணக்கில். புது வாலை நாலு தடவை நீட்டியபோது, நாலு அரை விரல் சேர்ந்து குறைந்தது. அறுத்துச் செதுக்கித் தூக்கிப் பொருத்தியபோது இரண்டு பக்கமும் கழுந்து பாதியிலேயே நின்றது. அதை இறுக்க வேண்டிய மர ஆணி, கழுந்தைத் தொடாமல் வெறும் துளையில் இறங்கியது.

வீரணன் உத்திரத்தைத் தோளில் தாங்கியபடியே குனிந்து பார்த்தான். "மச்சான், பாதிதான் உள்ள போகுது. கழட்டிருவோம். அக்கரையில வேங்கை மரம் ஒண்ணு விழுந்து கெடக்கு, புதுசா செதுக்கிரலாம். அதுவரைக்கும் அந்தப் புள்ள என் பொந்துல இருக்கட்டும்."

சொன்னது நியாயம். மரவேலையில் அளவு தப்புவது எல்லோருக்கும் வருவதுதான். தப்பிய மரத்தை ஒதுக்கிவிட்டு வேறு மரத்தை எடுப்பதுதான் வழி. ஆனால் வேறு மரத்தை எதை வைத்து அளப்பது? வீரணன் கண்ணெதிரே அந்தக் குட்டை வாலை நீட்ட வேண்டும். விஷயம் வெளியே வந்தால் காட்டில் ஒருவரும் இனி தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று சடையன் பயந்தான். மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, நான் சரிசெய்கிறேன், நீ போய் ஏதாவது தின்றுவிட்டு வா என்று மச்சினனை அனுப்பிவைத்தான்.

பிறகு வேலம்பிசினையும் மரத்தூளையும் குழைத்தான். கழுந்துக்கும் துளைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் திணித்தான். மேலே ஒரு மரச்சில்லை ஒட்டித் தேய்த்தான். வீரணன் திரும்பி வந்தபோது மூட்டு வழுவழுவென்று இருந்தது. எப்படி இறங்கியது என்று கேட்டான். நாலு தட்டுத் தட்டினேன், இறங்கிவிட்டது என்றான் சடையன். வீரணன் அந்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தான். அக்காள் புருஷன் ஆயிற்றே, மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தப் பாவத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்பேன்.

பூவாயி குடிவந்தாள். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தூணை முகர்ந்தாள். ஏறெடுத்துக் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, மழைக்குத் தாங்குமா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்த நிம்மதியைக் கலைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

"என் வால்மேல ஆணை. தாங்கும்மா" என்றான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பூவாயி குட்டி ஈன்றாள். ஆறு ஏறிவந்து தூண்களைச் சுற்றி ஓடியது, தளத்தைத் தொடவில்லை. அந்த மட்டில் வீடு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் கூரைப் புல் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பாரமேறியது. வேலம்பிசின் ஈரத்தில் கரையக்கூடியது. தச்சனுக்கு அது தெரியாமலா இருக்கும்? சடையனுக்குப் பாறை இடுக்கில் இருப்புக் கொள்ளவில்லை. கொட்டுகிற மழையில் ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது தூண் வழியாகப் பழுப்பாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

தாவி ஏறினான். உத்திரமும் தூணும் சேரும் இடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான்கு கால்களாலும், வயிற்றாலும், தாடையாலும் அழுத்தினான். பூவாயி குட்டிகளை உள்ளே தூங்கவிட்டு வாசலில் நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டால் பிடி தளர்ந்துவிடுமோ என்று கூப்பிடவில்லை. அவன் கண்முன்னே கழுந்து துளையிலிருந்து மெல்ல நழுவியது. உத்திரமும் கூரையும் ஒன்றாக இறங்கின.

வீரணன் வந்து கூரையைப் புரட்டிப் போட்டான். குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உத்திரத்தின் முறிந்த முனையைத் தூக்கிப் பார்த்தான். பிசினும் மரத்தூளும் இன்னும் அப்பியிருந்தன. அதைக் கொண்டுவந்து பூவாயியின் எதிரில் வைத்தான்.

அவள் அழவில்லை. அந்த மரத்துண்டைப் பார்த்தாள், பிறகு சடையனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா அண்ணே?"

சடையன் வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "ச்சு" என்றது நாக்கு. மறுபடி முயன்றான். "ச்சு, ச்சு." அதற்குமேல் வரவில்லை. அவள் பார்வை அவனுடைய வாலுக்கு இறங்கியது. யாரும் தொடவில்லை, யாரும் கடிக்கவில்லை. ஆணையிட்ட அந்த வால் தானாகக் கழன்று சேற்றில் விழுந்து துடித்தது. அவன் அதை விட்டுவிட்டு ஓடினான். ஓட ஓட உடம்பும் கூனிக்குறுகிச் சிறுத்தது.

அன்று முதல்தான் பல்லி வீடு கட்டுவதை விட்டது. பிறர் கட்டிய வீட்டுக் கூரையில் ஒட்டிக்கொண்டு, உத்திரமும் தூணும் சேரும் இடமாகப் பார்த்து ஊர்ந்து திரிகிறது. யாராவது நெருங்கினால் வாலைப் போட்டுவிட்டு ஓடுகிறது. நாம் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கும் நேரத்தில் மேலே ச்சு ச்சு என்று கேட்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். அது பூவாயிக்கு இன்னும் பதில் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறது.